திரும்பி வரும் டீசல்

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் ஆயினும், கல்வராயன் மலையில் மரவள்ளிக் கொல்லையை உழும் பவர் டில்லர் ஆயினும், மின்சாரம் நின்றபோது தறிக்கூடத்திற்கு உதவும் ஜெனரேட்டர் ஆயினும், டீசல் எஞ்சினில் ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதனை ரிட்டர்ன் பைப் என்பர். அங்கத்தினர் பலர் அதனைக் கவனிப்பதில்லை.

தொட்டியிலிருந்து வரும் டீசலைப் பம்ப் மிகுந்த அழுத்தத்துடன் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. இன்ஜெக்டர் அதனைப் பனிபோல் தூவுகிறது. அப்பொழுது உள்ளிருக்கும் ஊசிக்கும் உறைக்கும் இடையே சிறிதளவு டீசல் கசிந்து மேலேறும். இக்கசிவு குற்றமன்று, ஊசி தேயாதிருக்க அதுவே மசகு. அதனைத் தொட்டிக்கோ வடிகட்டிக்கோ திரும்பக் கொண்டு சேர்ப்பதே இக்குழாயின் பணி.

குழாய் வெடித்தாலோ, செம்பு வாஷர் நசுங்கினாலோ டீசல் சொட்டும். ஒரு மணிக்கு 50 மில்லிலிட்டர் சொட்டுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 25 நாளில் 10 லிட்டர் மண்ணிற் போகும். சங்கத்தின் புத்தகத்தில் டீசல் செலவு மொத்தமாகவே ஏறும். ஒழுகியது தனியே தெரியாது. நட்டமோ அங்கத்தினர் அனைவருக்கும் உரியது.

சில எஞ்சின்களில் இவ்வெடிப்பின் வழியே காற்று புகுந்து, காலையில் எஞ்சின் எளிதிற் கிளம்பாது. வேறு சிலவற்றில் இக்குழாய் வால்வு மூடிக்குள் அமைந்திருக்கும். அங்கே ஒழுகும் டீசல் எஞ்சின் ஆயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் ஆயில் மட்டம் காரணமின்றி உயர்ந்தால் உடனே ஐயுறல் வேண்டும்.

ஒழுக்கை நிறுத்தக் குழாயின் வாயை அடைத்துவிடுவோரும் உளர். இது பெருந்தவறு. திரும்ப வழியற்ற டீசல் இன்ஜெக்டருக்குள் தேங்கி ஊசியை அழுத்தும்; ஊசி சரிவரத் திறவாது; எஞ்சின் இழுவை குன்றும்.

செய்யத்தக்கவை சிலவே. வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், குழாயைத் துணியால் துடைத்து ஈரம் காண்கிறதா என நோக்குக. இறுகி வெடித்த ரப்பர் குழாயையும், கழற்றிய செம்பு வாஷரையும் புதிதாக மாற்றுக. டீசலுக்கென விற்கும் குழாயையே வாங்குக. பல சிலிண்டர் எஞ்சினாயின், மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு இன்ஜெக்டரின் கசிவையும் ஒரே நேர அளவில் தனித்தனிப் புட்டியிற் பிடித்து ஒப்பிடச் செய்க. ஒன்றில் மட்டும் மிகுந்து வந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்ததென அறியலாம். எஞ்சின் ஓடும்பொழுது அழுத்தக் குழாயருகே கைவைத்தல் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

வெள்ளிமலையில் எஞ்சின் நின்றால் மெக்கானிக்கை நாடி மலையிறங்க வேண்டியிருக்கும். ஒரு முழம் குழாயும் நான்கு வாஷரும் கருவிப் பெட்டியில் இருப்பின் அவ்வலைச்சல் மிஞ்சும். வாடகைக்கு விடும் எஞ்சினைத் திரும்பப் பெறும்போது ரிட்டர்ன் பைப்பையும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கும் வழக்கத்தைச் சங்கங்கள் இன்றே மேற்கொள்ளுமாக.