தாறுமாறாய்த் துடிக்கும் இதயமும் நம் வீட்டுக் கீரையும்

வலக்கையின் மூன்று விரல்களை இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே மெல்ல வைத்துப் பாருங்கள். நாடி ஓடுவது தெரியும். அது சற்று விரைவாகவோ மெதுவாகவோ இருக்கலாம். ஆனால் துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கவேண்டும். எப்போதோ ஒரு துடிப்பு தவறினால் பெரும்பாலும் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் ஒரு துடிப்பு வலுத்தும், அடுத்தது மெலிந்தும், இரண்டு நெருங்கியும், மூன்றாவது பிந்தியும், எவ்வித ஒழுங்குமின்றி நாடி ஓடுமானால், அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது கடமை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர் எழுதித் தரும் நோய் அதுவாக இருக்கலாம். தமிழில் நாம் அதனை மேலறை நடுக்கம் என்போம்.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுவது இயல்பு. இந்நோயில் மேலறைகளுக்குள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் கட்டுப்பாடின்றி எழுகின்றன. அத்தனைக்கும் தசையால் சுருங்க இயலாது. அது வெறுமனே நடுங்குகிறது. மேலறை நடுங்குவதால் மட்டும் மனிதன் உடனே இறப்பதில்லை. சிலருக்குப் படபடப்பும், மாடி ஏறினால் மூச்சுவாங்கலும், காரணமறியாச் சோர்வும் உண்டாகும். வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்றதொரு பகுதி உண்டு. அறை சுருங்காதபோது அப்பையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி என்றேனும் புறப்பட்டு மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்தால், பேச்சு போகிறது, கை கால் விழுகிறது. பக்கவாதம் என்கிறோம். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்னும் ஊரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஆய்வு, மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்று காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வும் கெட்டிருந்தால் அது 17 மடங்கு.

இந்தப் பதினேழு என்ற எண்தான் நம் நாட்டாரைச் சுடவேண்டிய எண். மேலை நாடுகளில் இது முதுமையின் நோய். எழுபதைத் தாண்டியவரைத் தேடி வருவது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளிலிருந்து 1,537 நோயாளிகளைப் பதிவுசெய்து 2017 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அவர்களது சராசரி வயது 55 அளவில்தான் இருந்தது. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய். சிறு பிராயத்தில் தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் வருகின்றன. பின் மூட்டுகள் மாறிமாறி வீங்குகின்றன. வீட்டார் அதை வளரும் பிள்ளையின் வலி என்று விட்டுவிடுகின்றனர். இருபது ஆண்டு கழித்து, பிள்ளைப்பேற்றின்போது மூச்சு முட்டும்போதுதான் வால்வு குறுகியிருப்பது வெளிப்படுகிறது. ஆகவே தாய்மார்கள் பிள்ளைகளின் தொண்டைப்புண்ணை அலட்சியம் செய்யலாகாது. வயதில் மூத்தவர்களுக்கோ இரத்தக் கொதிப்பே முதற் காரணம். தைராய்டு மிகுதியும் ஒரு காரணமாகலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த மூத்த புஷ் 1991 ஆம் ஆண்டு ஓடிப் பயிலும்போது இந்நோய்க்கு ஆளானார். சோதித்ததில் தைராய்டே மூலமென்று தெரியவந்தது.

கீழ்பென்னாத்தூரில் வாழும் ஒருவருக்கு இந்நோய் கண்டால் அவர் செல்லக்கூடிய வழிகள் நமக்குத் தெரிந்தவையே. செஞ்சிச் சாலையில் பேருந்தேறித் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். வால்வு அறுவை வேண்டுமெனில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோ, புதுவை ஜிப்மருக்கோ, சென்னைக்கோ செல்லலாம். இ.சி.ஜி.யும், இதயத்தை ஒலியலையால் காட்டும் எக்கோவும் எடுத்துத் திரும்புகையில் பையில் நான்கு வகை மாத்திரைகள் இருக்கும். மனத்தில் ஒரே கேள்வி இருக்கும்: என்ன சாப்பிடலாம்? அதற்கு விடை சொல்ல மருத்துவருக்கு நேரமிருப்பதில்லை. பக்கத்து வீட்டாருக்கு நிறைய இருக்கிறது. "கீரையைத் தொடாதே" என்பார்கள். முருங்கை வேலியோரத்தில் தழைத்து நிற்க, அந்த வீட்டில் அன்றுமுதல் கீரை நின்றுவிடும். இந்த அறிவுரை பாதி உண்மை, மறுபாதி தீங்கு.

அதை விளங்கிக்கொள்ள, உழவர் குடும்பங்களுக்குப் பிடித்தமான ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும். 1920களில் வட அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் சிறு காயத்திலேயே இரத்தம் வடிந்து மாண்டன. ஈரத்தில் பூசணம் பிடித்த க்ளோவர் என்னும் தீவனப்புல்லைத் தின்றவையே அப்படி மாண்டன. 1933 ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், உறையவே உறையாத மாட்டு இரத்தத்தைப் பால் கேனில் ஏந்திக்கொண்டு பனிப்புயலில் வந்து கார்ல் லிங்க் என்ற வேதியியல் அறிஞர் முன் வைத்தார். பல்லாண்டு உழைத்து அவர் குழுவினர் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் முதலில் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1950களில் மனிதர் மருந்தாயிற்று. நம் ஊர்களில் மருத்துவர் மிகுதியாக எழுதும் அசிட்ரோம் மாத்திரையும் அதே குடும்பத்தது.

இம்மருந்துகள் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ஈரல், இரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்ய வைட்டமின் 'கே' வேண்டும். அந்த வைட்டமின் வேலை செய்வதை இம்மாத்திரை தடுக்கிறது. கீரையோ வைட்டமின் 'கே'யின் களஞ்சியம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைக் கொத்துமல்லித் தழையில் சுமார் 310 மைக்ரோகிராம் உண்டு. தண்டுக்கீரை இனத்தில் ஆயிரத்தையும் கடக்கிறது. அரிசிச் சோற்றிலும் வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நம் பகுதியின் செல்வமான மணிலாக்கொட்டையிலும், அதாவது மல்லாட்டையிலும், இல்லையென்றே சொல்லலாம். அதை அஞ்சாமல் உண்ணலாம்.

ஆகவே கீரை மிகுந்தால் மாத்திரையின் வலு குறையும், கீரை குறைந்தால் வலு ஏறும் என்பது மெய். ஆனால் மாத்திரையின் அளவை மருத்துவர் எதைக்கொண்டு முடிவு செய்கிறார்? ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைக்கொண்டு. அந்த எண் பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையே நிற்கவேண்டும். 2க்குக் கீழ் கட்டி உண்டாகும். 3க்கு வெகுமேல் இரத்தம் கசியும். நீங்கள் வாரத்தில் மூன்று நாள் ஒரு கரண்டி கீரை உண்பவராயின், அந்த உணவோடு சேர்த்தே உங்கள் மாத்திரையின் அளவு அமைகிறது. அந்தப் பழக்கம் நீடிக்கும்வரை கீரை பகையன்று. கீரையை அடியோடு விட்டவரின் நிலை என்ன? அவரது உடலில் வைட்டமின் இருப்பு மிகக் குறைந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் விருந்தில் கீரைக்கூட்டு உண்டாலும் எண் தாவுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஐ.என்.ஆர். நிலைகொள்ளாமல் அலைந்தவர்கள்தாம் வைட்டமின் 'கே' குறைவாக உண்டவர்கள் என்று கண்டனர். கீரை மறுப்போருக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? வேண்டியது அளவின் ஒழுங்கு. இரும்புச்சத்துக்கு நம் தாய்மார்கள் நம்பியிருக்கும் மலிவான பொருளை அவர்கள் தட்டிலிருந்து பறிப்பது நமக்கு உடன்பாடன்று.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆண்டெல்லாம் ஒரு விதமாக உண்டு, தவக்காலம் வந்ததும் நாற்பது நாள் இறைச்சியை விலக்கி, அந்த இடத்தைக் கீரையாலும் பருப்பாலும் நிரப்புகிறோம். உயிர்ப்புப் பெருவிழாவன்று எல்லாம் தலைகீழாகிறது. அசிட்ரோம் உண்பவருக்கு இவ்விரு திருப்பங்களும் எண்ணைக் குலைக்கக்கூடியவை. சுத்தபோசனம் தாராளமாக அனுசரிக்கலாம்; கீரையின் அளவை மட்டும் வழக்கப்படி வைத்து, விபூதிப் புதனுக்குப் பின் ஓரிரு வாரத்தில் ஒரு சோதனை செய்துகொள்வது நலம். ஒருசந்தி பற்றியும் ஐயம் வேண்டாம். 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதனை 18 வயது நிறைந்தவர்முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்க்கே விதிக்கிறது. அவர்களிலும் நோயுற்றோர் கட்டுப்பட்டவரல்லர். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டால் மன அமைதி கிடைக்கும்.

புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, அவற்றை உண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று கேட்கலாம். டாபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகிய மூன்றும் கடந்த பதினைந்து ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளன. கீரைக்கணக்கு இல்லை, மாதந்தோறும் ஐ.என்.ஆர். இல்லை, மூளையில் இரத்தக்கசிவும் குறைவு. இந்திய நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபின் விலையும் வெகுவாக இறங்கியிருக்கிறது. வால்வு நோயில்லாத மூத்தோருக்கு இவையே ஏற்றவை. ஆனால் இவற்றின் வலு ஒரே நாளில் தீர்ந்துவிடும். மறந்துவிட்ட நாளுக்குக் காவல் இல்லை. ரிவராக்ஸபானை உணவோடு உண்ணவேண்டும். வெறும் வயிற்றில் முழு மாத்திரையும் உடலில் சேராது. ஒருசந்தி இருப்போர் இதைக் கவனிக்கவேண்டும். சிறுநீரகம் நலிந்தவர்க்கு அளவு மாறும்.

வால்வு குறுகியவர்க்குக் கதை வேறு. டில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின் கணேசன் கார்த்திகேயனும் கனடாவின் ஸ்டூவர்ட் கானலியும் முன்னின்று, 24 நாடுகளில் 4,500க்கு மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவராக்ஸபானையும் பழைய வகை மருந்தையும் ஒப்பிட்டனர். புதியதே வெல்லும் என்று பலர் எண்ணியிருக்க, 2022 ஆம் ஆண்டு வெளியான முடிவில் பழையதை உண்டவர்களிடமே இறப்பு குறைவாயிருந்தது. ஆதலால் வால்வு மிகக் குறுகியவரும், செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவரும், "புதியது நல்லது" என்ற கடைக்காரரின் சொல்லுக்காக மாத்திரையை மாற்றிக்கொள்ளலாகாது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் நாட்டு வால்வும் இதற்கு விலக்கன்று.

மற்றொரு தவறான எண்ணம் ஆஸ்பிரின் போதும் என்பது. 2011 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் ஆஸ்பிரின் உண்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.7 பேர் வீதமும், அபிக்ஸபான் உண்டவர்களில் 1.6 பேர் வீதமும் பக்கவாதம் முதலியவற்றுக்கு ஆளாயினர்; பெரிய இரத்தக்கசிவு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே.

துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையைச் சுருங்கச் சொல்வோம். வேகத்தை மட்டும் அடக்க மெட்டோபுரோலால், டில்டியாசெம், டிஜாக்ஸின் உள்ளன. நடுக்கத்தையே நிறுத்த அமியோடரோனும், மின் அதிர்ச்சியும், காலின் இரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்திக் கோளாறான இடத்தைச் சுடும் முறையும் உள்ளன. 2002 இல் வெளிவந்த பேராய்வு, இரண்டு வழிகளுக்கும் ஆயுளில் வேறுபாடில்லை என்றது. நோய் கண்ட ஓராண்டுக்குள்ளேயே ஒழுங்கை மீட்க முயன்றால் பயன் உண்டென்று 2020 இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே புதிதாக நோய் கண்டவர் இதைக் கேட்டறிய வேண்டும். எவ்வழியாயினும், நாடி சீரானது என்று உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கூடாது.

உணவில் இன்னும் சில. காப்பியைப் பலர் வீணே பழிக்கின்றனர். அளவான காப்பி இந்நோயை மிகுவிக்கவில்லை என்றே அண்மை ஆய்வுகள் கூறுகின்றன. பழிக்கவேண்டியது மது. விழாக்காலக் குடிக்குப் பின் இதயம் தடுமாறுவதைக் கண்டு 1978 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் அதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயரிட்டனர். கிறிஸ்மஸ் இரவில் நம் பங்குகளில் நடப்பதை எண்ணினால் அப்பெயர் நமக்காகவே வைத்தது போலிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 140 பேரிடம் நடந்து 2020 இல் வெளியான சோதனையில், மதுவை விட்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கும், விடாதவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் நடுக்கம் திரும்பியது. உடற்பருமன் உள்ளோர் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பெரும்பயன் என்பதும் அங்கே அடிலெய்டில் கண்டதே. கருவாடும் ஊறுகாயும் கொதிப்பை ஏற்றுவன. இதயத்துக்கு நல்லதென்று விற்கும் மீனெண்ணெய் மாத்திரையை அதிக அளவில் உண்டால் மேலறை நடுக்கம் கூடுவதாகவே ஆய்வுகள் காட்டின. மீனைக் குழம்பில் உண்பதே போதும்.

கீரையைவிட உண்மையான பகைவர் மருந்துக்கடையில் இருக்கிறார்கள். மூட்டுவலிக்குக் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக், புரூஃபென் போன்றவை, இந்நோயாளியின் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும். மெட்ரோனிடசோல் முதலிய சில கிருமிக்கொல்லிகள் ஐ.என்.ஆரை விரைந்து ஏற்றும். காய்ச்சல் என்றால் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். அசிட்ரோம் உண்பவருக்கு அவ்விடத்தில் இரத்தம் கட்டிக்கொள்ளும். சித்த வைத்தியர் தரும் கஷாயத்தையும் இலேகியத்தையும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

சோதனைக்குச் செல்லும் நாளைப் பௌர்ணமியன்று வைக்கவேண்டாம்; கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஊர்ந்து செல்லும். சோதனை எண்ணையும் மாத்திரை அளவையும் ஒரு சிறு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் 108 ஐ அழைத்து உடனே புறப்பட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே எல்லை. அந்த ஊசியைப் போடலாமா என்பதை மருத்துவர் ஐ.என்.ஆர். பார்த்தே முடிவுசெய்வார். நோயாளியால் அப்போது பேச இயலாது. வீட்டிலுள்ளோர் அந்த நோட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.