பழைய மோட்டார் வண்டி வாங்குவோர் அறியவேண்டியவை



பாடசாலை அதிபர் ஒருவர் கல்வியைப் பற்றிப் பேசாது மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்ததேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் இயந்திரத் தொழில் பயின்றவனல்லன். வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்றவன். ஆயினும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்கி, அதனால் நெடுநாள் இடர்ப்பட்டவன் என்ற முறையில் இதுபற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு. ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், சிறு வணிகர் முதலியோர் தம் வாழ்நாளில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் பெரும்பாலும் இதுவே. அத்தொகை ஒருமுறை கைவிட்டுப் போனால் அவர்கள் அதனை மீண்டும் சேர்ப்பதற்கு ஆண்டுகள் பல செல்லும்.

நம் நாட்டில் இன்று இவ்வாணிகம் முன்னிலும் சிக்கலாகியுள்ளது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், வாங்கிய விலைக்கு மேலாகவே பழைய வண்டியை விற்றவர் பலர். வேறு காலமாயின் உடைத்து இரும்பாக்கப்பட்டிருக்கும் வண்டிகளுங்கூட ஒட்டுப்போட்டு ஓட்டப்பட்டன. வழி திறந்த பின்னரும் வரியின் பாரத்தினால் புதிய வண்டி மாதச் சம்பளக்காரருக்கு எட்டாததாகவே உள்ளது. ஆகவே நம் போன்றோர் பார்க்கும் வண்டி பெரும்பாலும் பத்து, பதினைந்து, இருபது ஆண்டு உழைத்த வண்டியாகவே இருக்கும். அஃது எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைக் காட்டிலும், இதுவரை யார் கையில் எவ்வாறு இருந்தது என்பதே பெரிய வினா.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஆம் ஆண்டிலே தரகர் ஒருவர் மாலை நான்கு மணியளவில் ஒரு சிறிய காரை என் வீட்டு வாசலிற் கொணர்ந்து நிறுத்தினார். வெள்ளை நிறம், கண்ணாடிபோல மினுங்கியது. திறப்பைத் திருப்பியதும் ஒரே முறையில் இயந்திரம் இயங்கிற்று. முன்மூடி சூடாக இருந்தது. தொலைவிலிருந்து வந்த வண்டி சூடாக இராது வேறெவ்வாறிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சேமிப்புப் போதாமையால் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்து மிகுதியைக் கொடுத்தேன்.

ஐந்தாவது வாரம், என் தாயாரைக் கண் சத்திர சிகிச்சைக்காகக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆனையிறவை அணுகும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. சிறிது நேரத்தில் முன்மூடியின் கீழிருந்து ஆவி கிளம்பிற்று. அவ்வெளியிலே நிழல் ஏது? எண்பது வயதைக் கடந்த தாயார் உப்புக் காற்றில் இரண்டு மணி நேரம் வீதியோரத்தில் இருந்தார். அன்றைய சிகிச்சை தவறியது. மறு தவணை கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் சொன்னது இது: “சேர், எஞ்சினைச் சூடாக்கித்தான் உங்களுக்குக் காட்டியிருக்கிறாங்கள். காலமை வெள்ளெனப் போய்ப் பாத்திருந்தா, புகையே சொல்லியிருக்கும்.” ரேடியேற்றர் சுண்ணாம்புப் படிவத்தால் அடைபட்டிருந்தது, இயந்திரத் தலைக்குக் கீழுள்ள கஸ்கற் எரிந்துபோயிருந்தது. திருத்தும் செலவு வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்கை நெருங்கிற்று.

ரேடியேற்றரில் சுண்ணாம்பு எவ்வாறு வந்தது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. நமது கிணற்று நீர் பல இடங்களில் கடின நீர். தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படை கட்டுவதை எல்லா வீட்டிலும் காணலாம். ரேடியேற்றரிலே நீர் குறையுந்தோறும் கிணற்று நீரை வாளியால் ஊற்றுவோர் அதே படையை அதன் நுண்ணிய குழாய்களுக்குள்ளே வளர்க்கின்றனர். குழாய் அடைபட, நீரோட்டம் குறைகிறது. நீரோட்டம் குறைய, சூடு கூடுகிறது. சூடு கூட, இயந்திரத் தலை வளைகிறது. ஆகையால், பார்க்கச் சென்ற வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். உரிய குளிர்திரவம் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிந்திருக்கும். கறள் நிறமும் வெள்ளைப் படையும் எண்ணெய்ப் படலமும் தீய அறிகுறிகள். சூடான ரேடியேற்றரைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

இதிலிருந்து முதல் விதி தானே பெறப்படும். வண்டியை உங்கள் வீட்டுக்கு வரவழையாதீர்கள். அதிகாலையில், முன்னறிவித்தலின்றியோ சிறிது நேரமே முன்னறிவித்தோ, விற்பவர் வீட்டுக்கு நீங்களே செல்லுங்கள். முன்மூடியிற் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தாலே பரீட்சை தொடங்கலாம். சூடாக இருந்தால் தேநீர் அருந்தி உரையாடிவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லி எழுந்துவிடலாம்.

குளிர்ந்த இயந்திரத்தை இயக்கியதும் பின்குழாயைக் கவனியுங்கள். காலைப் பனியில் சிறிதளவு வெண்ணிற ஆவி தோன்றிச் சில நிமிடங்களில் மறைவது இயல்பு. அது வெறும் நீராவி. மறையாது தொடரும் வெண்புகை, குளிர்திரவம் இயந்திரத்தினுள்ளே புகுவதைக் குறிக்கும். நீலப்புகை எண்ணெய் எரிவதற்கு அடையாளம். பிஸ்ரன் வளையங்களோ வால்வு அடைப்புகளோ தேய்ந்துவிட்டன என்பது பொருள். கரும்புகை பெற்றோல் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். இம்மூன்றனுள் பெரும்பாலும் மலிவாகத் திருத்தக்கூடியது இதுவே. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தையும் பாருங்கள். பாலாடைபோன்ற கலங்கல் திரளாக ஒட்டியிருந்தால் எண்ணெயோடு நீர் கலந்திருக்கிறது என்று ஐயுறவேண்டும். அவ்வண்டியைப் பாராட்டிவிட்டு வீடு திரும்புங்கள்.

அடுத்தது தகரம். பருத்தித்துறை, மன்னார், ஊர்காவற்றுறை போன்ற கடலோரங்களில் வாழ்ந்த வண்டிகளை உப்புக் காற்று கீழிருந்து தின்னும். மேலே எவ்வளவு மினுங்கினாலும் கதவின் அடிவிளிம்பிலும், சில்லுகளின் மேல் வளைவிலும், பின்பெட்டியில் மேலதிகச் சில்லு வைக்கும் குழியிலும் கறள் ஒளிந்திருக்கும். மெல்லிய துணியிற் சுற்றிய சிறு காந்தத்தை உடற்றகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். பசை பூசிக் குழி நிரப்பிய இடத்தில் அது பற்றாது. முன் பின் மோதுகாப்புகள் பிளாஸ்ரிக் ஆகையால் அவ்விடத்தில் இச்சோதனை பயன்படாது. கதவுகளின் இடைவெளி ஒரு பக்கம் நூலளவும் மறுபக்கம் விரலளவுமாக இருந்தால், அவ்வண்டி ஒருமுறை எங்கேயோ நன்றாக மோதியிருக்கிறது.

வெள்ளத்தில் அகப்பட்ட வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொழும்பைச் சூழ்ந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தைக் கொணர்ந்தபோதும் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அவற்றுட் சில கழுவி உலர்த்தப்பட்டு, வெள்ளத்தின் கதை தெரியாத ஊர்களுக்கு விற்பனைக்கு வரும். வெளித்தோற்றத்தால் இவற்றை அறிதல் அரிது. இருக்கைப் பட்டியை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். விற்பவர் கழுவ மறக்கும் இடம் அது. நுனியிலே சேற்றுக் கறை இருக்கும். கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் ஆணிகள் கறள்பிடித்திருக்கின்றனவா என்றும் நோக்குங்கள். நீர் புகுந்த மின்கம்பிகள் உடனே கெடுவதில்லை. ஆறேழு மாதங்கள் கழித்து, விற்றவரின் தொலைபேசி எண் மாறிய பிறகே கெடும்.

கிலோமீற்றர் மானியை நம்புவது பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன்: நம்பாதீர்கள். பதினைந்து ஆண்டு ஓடிய காரின் மானி நாற்பதினாயிரம் காட்டுமாயின், பிறேக்கு மிதியின் இறப்பரையும் சுக்கானின் மேற்பரப்பையும் சாரதி இருக்கையின் ஓரத்தையும் பாருங்கள். மானியைத் திருப்புபவர் மிதியின் தேய்வைத் திருப்புவதில்லை. ரயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஒரு ரயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு நேராக நிற்கவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை நிறுத்திவிடுங்கள். என் தரகர் அன்று நல்ல பாட்டு ஒன்றை உரக்க வைத்திருந்தார். பள்ளமும் திட்டியுமான ஒழுங்கையிற் செலுத்தி அடியிலிருந்து எழும் தட்டல்களைக் கேளுங்கள். சுக்கானை முழுதும் ஒடித்து வட்டமாகத் திருப்புங்கால் ‘கடக் கடக்’ என்ற ஒலி வந்தால் முன்சில்லுக்குச் செல்லும் அச்சின் மூட்டுத் தேய்ந்துள்ளது. கிளச்சை மலையேற்றத்தில் எளிதாகச் சோதிக்கலாம். குடாநாட்டார் மலைக்கு எங்கே போவது? கைப்பிறேக்கை இறுக்கி, மூன்றாம் கியரிலே கிளச்சை மெல்ல விட்டுப் பாருங்கள். இயந்திரம் திணறி நின்றுவிட்டால் கிளச்சு நலமாக உள்ளது. நிற்காமல் இரைந்துகொண்டேயிருந்தால் வழுக்குகிறது.

எந்த வண்டி நல்லது என்று கேட்போருக்கு ஒரே விடை கூற இயலாது. உங்கள் ஊர் மெக்கானிக்கு எதைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவாரோ, எதன் உதிரிப்பாகம் அடுத்த பட்டினத்திற் கிடைக்குமோ, அதுவே ஏழைக்கு நல்ல வண்டி. 1983 முதல் 2014 வரை இந்தியாவிற் செய்யப்பட்ட மாருதி 800 என்னும் சிறு வண்டி, 796 கன சென்ரிமீற்றர் கொண்ட மூன்று உருளை இயந்திரமுடையது. நொய்ந்த தகரம், குறுகிய இடம்; ஆயினும் அதன் பாகங்கள் மலிவு. அதே கொள்ளளவுடைய அல்ற்ரோவும் அவ்வாறே. ஜப்பானிலிருந்து வந்த ரொயோட்டா விற்ஸ் வசதியும் உறுதியும் மிக்கது, விலையும் மிக்கது. கலப்பின் வண்டிகள், அஃதாவது பெற்றோலாலும் மின்கலத்தாலும் ஓடுபவை, எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் பெரிய மின்கலம் ஓய்ந்தால் பல ஆண்டுகளில் மிச்சப்பட்ட காசு ஒரே நாளிற் போய்விடும். நம் முன்னோர் ஓட்டிய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். 1990 க்குப் பின்னர் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் அவை ஓட்டப்பட்டன. அவற்றைத் தாங்கியது அவற்றின் எளிமையும் ஊர்க் கம்மியரின் கைத்திறனுமே.

இனிப் பத்திரங்கள். இயந்திரக் குறையைப் பணத்தால் திருத்தலாம். பத்திரக் குறையோ உங்களை நீதிமன்றப் படியேற்றும். பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேளுங்கள், படப்பிரதி போதாது. அதிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியிற் பொறித்த இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாடசாலையில் புதிய மாணவன் ஒருவனைச் சேர்க்கும்போது விடுகைப் பத்திரத்தைப் பார்ப்பதுபோல, முன்னைய உரிமையாளர் எத்தனை பேர் என்று பாருங்கள். நான்கு ஆண்டுகளில் ஐந்து கை மாறிய வண்டியை ஏன் ஒருவரும் வைத்திருக்க விரும்பவில்லை? முழு உரிமையாளர் என்னும் இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்நிறுவனம் உரிமையை விடுவித்ததற்கான கடிதமின்றி ஒரு ரூபாவும் கொடாதீர்கள்.

‘ஓப்பின் பேப்பர்’ என்று தரகர்கள் வழங்கும் முறை ஒன்றுண்டு. பதிவுசெய்த உரிமையாளர் திகதியிடாத மாற்றப்பத்திரத்திற் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுத்துவிடுவார். அத்தாளோடு வண்டி பல கை மாறும். செலவும் அலைச்சலும் மிச்சம் என்று சொல்வார்கள். ஆனால் கையொப்பமிட்டவர் இறந்துவிட்டாலோ வெளிநாடு சென்றுவிட்டாலோ பெயரை மாற்ற நீங்கள் படும் பாடு கொஞ்சமன்று. விபத்து நேர்ந்தால் பொலிசார் தேடிச் செல்வதும் அவரையே. ஆகவே பதிவுசெய்த உரிமையாளரை நேரிற் கண்டு, அடையாள அட்டையைப் பார்த்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனடியாக உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றின் திகதிகளையும் பாருங்கள்.

என் இரண்டாவது வண்டியை ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் வாங்கினேன். நிறம் மங்கியிருந்தது, ஒரு கதவிற் கீறலும் இருந்தது. ஆனால் எண்ணெய் மாற்றிய நாள், அப்போதைய கிலோமீற்றர், கொடுத்த தொகை யாவற்றையும் அவர் பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றிலே பதினொரு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார். தரகர் காட்டிய மினுங்கும் வண்டிகள் இரண்டை விட்டுவிட்டு அதையே எடுத்தேன். முடிவு செய்வதற்கு முன் என் மெக்கானிக்குக்கு அரைநாட் கூலி கொடுத்து அழைத்துச் சென்றேன். விற்பவரின் மெக்கானிக்கு எவ்வளவு நல்லவராயினும் அவர் விற்பவரின் மனிதர்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். பத்துப் பங்கில் எட்டுப் பங்குக்குள்ளேயே வண்டியைத் தேடி, இரண்டு பங்கை ஒதுக்கி வையுங்கள். வாங்கிய முதல் மாதத்திலே இயந்திர எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றுங்கள்; பிறேக்குக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். இயந்திரத்தின் முன்புறத்தில் வால்வுகளை இயக்கும் பட்டி உள்ள வண்டியாயின், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையேல், புதிதாகப் போட்டுவிடுங்கள். அப்பட்டி ஓட்டத்தில் அறுந்தால் சில இயந்திரங்களில் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளைந்துவிடும். மாருதியில் இருப்பது பட்டி. 2005 க்குப் பின் வந்த ஒரு லீற்றர் விற்ஸில் இருப்பது சங்கிலி. சங்கிலிக்கு இத்தொல்லை குறைவு. ரேடியேற்றரைக் கழுவுவித்து உரிய குளிர்திரவத்தை நிரப்புங்கள். வழியில் அது குறைந்தால், கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல் ஒன்று பின்பெட்டியில் இருக்கட்டும். கிணற்று வாளியை மட்டும் அதனருகே கொண்டுசெல்லாதீர்கள்.