நன்மையை அளப்பது எப்படி?



பால்மரம் சீவுகின்றவர் கொட்டகைக்குக் கொண்டுவரும் பாலை எடைபோடுவதோடு வேலை முடிவதில்லை. நூறு கிலோ பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோதான் உலர்ந்த ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே ரப்பரின் பங்கு எவ்வளவு என்றும் சோதிக்கின்றார்கள். மக்கள் நன்மைக்காக நடத்தப்படும் தொழில்களுக்கும் இத்தகைய சோதனை தேவை. ஆனால் அது எளிதன்று. ஏன் என்று பார்ப்போம்.

சாதாரண வியாபாரத்தில் கேள்வி ஒன்றுதான்: லாபமா, நட்டமா? சமுதாயத் தொழில் நிறுவனமோ வியாபாரமும் செய்ய வேண்டும். அதனால் எளியோர் வாழ்வும் உயர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தை இதற்கு மூத்த உறவு எனலாம்.

நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுச் சென்றனர். அவை கூறுபோட்டு விற்கப்பட்டன. இந்தத் தோட்டத் துண்டாடலில் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் முதலாகத் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இதனால் விளைந்த நன்மை எவ்வளவு? எத்தனை ஏக்கர், எத்தனை உறுப்பினர், எவ்வளவு லாப ஈவு என்று எண்ணிவிடலாம். ஆனால், பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டிய நிலைமை ஒரு குடும்பத்துக்கு வராமற்போனதே, பிள்ளையின் படிப்பு இடையில் நிற்காமற்போனதே, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? நடக்காத துன்பத்தை எண்ணிக் காட்ட முடியாது. இது முதல் சிக்கல்.

இரண்டாவது, நன்மை யாரால் வந்தது என்பது. ஒரு குடும்பம் முன்னேறியதற்குச் சங்கமும் காரணமாகலாம். ரப்பர் விலை ஏறியதும், தொழிற்சங்கம் கேட்டு வாங்கிய சம்பள உயர்வும் காரணமாகலாம். பங்கு பிரிப்பது கடினம்.

இதற்கு வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்தியாவில் ஐதராபாத் நகரில் 2005ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு நடந்தது. 104 குடியிருப்புகளில் 52ஐச் சீட்டுக் குலுக்கியது போலத் தேர்ந்து, அங்கே முதலில் சிறுகடன் வழங்கினார்கள். பின்னர் இரு தரப்பையும் விசாரித்தார்கள். கடன் கிடைத்த இடங்களில் சிறுவியாபாரத்தில் போட்ட முதல் கூடியிருந்தது. ஆனால் பிள்ளைகள் கல்வியிலோ, பெண்களின் நிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம் என்ற கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

மூன்றாவது, காலமும் செலவும். பிள்ளை படித்து வேலைக்குப் போகப் பல ஆண்டுகள் ஆகும். ஆண்டறிக்கையோ பன்னிரண்டு மாதத்தில் வேண்டும். அதனால் உடனே எண்ணக்கூடியதையே எண்ணுகின்றார்கள். நூறு பெண்களுக்குத் தையல் கற்பித்தோம் என்பார்கள். எத்தனை பேர் தைத்துச் சம்பாதிக்கின்றார்கள் என்பது தெரியாது. எண்ணிக்கைக்குப் பாராட்டு கிடைத்தால், எண்ணிக்கையைத்தான் வளர்ப்பார்கள்.

அளப்பது கடினம் என்பதற்காக விட்டுவிடலாகாது; போடுவது நம் பணம். தொடங்கும்போதே குடும்பங்களின் கடன், வருமானம், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் அதே குடும்பங்களைக் கேட்க வேண்டும். விலகிப் போனவர்களையும் தேடிக் கேட்க வேண்டும். குறைகளை அவர்களே மறைக்காமல் சொல்வார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் லாப ஈவு எவ்வளவு என்று கேட்கும்போது, யாருடைய வாழ்வு எந்த வகையில் மாறியது என்றும் சேர்த்துக் கேட்போம்.