ஒரே சீட்டில் எட்டு ஊர்! பங்காருபேட்டையில் ஏறி பங்காருபேட்டையிலேயே இறங்கலாம்

ஐரோப்பாவில் ஒரு பாசை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் 33 நாடுகளில் ரெயில் ஏறலாம் என்று யாராவது சொன்னால் நாம் வாயைப் பிளக்கிறோம். நம் ஊர் ரெயிலிலும் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு எட்டு ஊர்களில் இறங்கித் தங்கி, சுற்றி வரலாம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறோம்!

ஆனால் அது உண்மை. அந்தச் சீட்டுக்குப் பெயர் "சுற்றுப்பயணச் சீட்டு". ரெயில்வேக்காரர்கள் "சர்க்குலர் ஜர்னி டிக்கெட்" என்பார்கள். பல ஆண்டுகளாக ரெயில்வே விதியில் இருப்பதுதான். கேட்பவர்கள் குறைவு என்பதால் பலருக்குத் தெரியாமல் கிடக்கிறது.

ரெயிலோடு பிறந்த ஊர்

பங்காருபேட்டைக்கு ரெயில் புதிதல்ல. ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் தண்டு வரை 1864-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாதை திறக்கப்பட்டது. மைசூர் கமிஷனராக இருந்த பவுரிங் துரையின் பெயரால் இந்த ஊர் "பவுரிங்பேட்டை" என்று அழைக்கப்பட்டது. 1894-ல் இங்கிருந்து தங்கவயலுக்குக் கிளைப்பாதை போட்டார்கள். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு நிலையமும் நம் மக்களுக்குச் சொந்த வீட்டு வாசல் மாதிரி.

28-2-2001 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல் மக்களுக்கு ரெயில்தான் பிழைப்பு. பொழுது விடியும் முன் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் ஏறுகிறார்கள். பெங்களூரில் வேலை முடித்து இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். சீசன் டிக்கெட் தேய்ந்து கிழிகிற வரைக்கும் ரெயிலில் போகிறவர்கள் இவர்கள். ஆனால் இவர்களில் எத்தனை பேர் வேலைக்காக அல்லாமல், தங்களுக்காக, பெண்டு பிள்ளைகளுடன் ரெயிலில் ஊர் சுற்றியிருக்கிறார்கள்?

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. ஒரு நாள் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்தார். மதுரை, ராமேசுவரம், தஞ்சாவூர், சிதம்பரம், திருவண்ணாமலை என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

"தம்பி, இதுக்கெல்லாம் எத்தனை டிக்கெட் வாங்கணும்?" என்று கேட்டார்.

"ஒன்று போதும் ஐயா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அம்மாள் சிரித்துவிட்டு, "கல்யாணம் ஆன வருஷத்தில் இருந்து கூட்டிப் போறேன்னு சொல்றாரு. நான் ஜோலார்பேட்டையைத் தாண்டியதே இல்லை" என்றார்.

இப்படிப்பட்ட தாள்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கும். அவற்றைப் பயணமாக மாற்றுவது எப்படி? இதோ, வழி.

விதி என்ன?

புறப்படும் நிலையத்திலேயே பயணம் முடிய வேண்டும். நடுவில் அதிகம் போனால் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம். எல்லா வகுப்புக்கும் இந்தச் சீட்டு உண்டு.

எத்தனை நாள் செல்லும்? பயணத்துக்கு 400 கிலோ மீட்டருக்கு ஒரு நாள். தங்குவதற்கு 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டணம் எப்படி? மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஒருவழிப் பயணங்களாகக் கணக்கிடுவார்கள். இதில்தான் லாபம். ரெயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட, கிலோ மீட்டருக்கு விழும் காசு குறைந்துகொண்டே போகும். துண்டு துண்டாகச் சீட்டு வாங்கினால் அந்தக் குறைவு கிடைக்காது.

நம் ஊரில் இருந்து ஒரு வட்டம்

பங்காருபேட்டையில் இருந்து பெங்களூர். அங்கிருந்து ஓசூர், தர்மபுரி வழியாக சேலம். பிறகு நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை. அடுத்தது ராமேசுவரம். திரும்பி மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக திருச்சி. பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம். அங்கிருந்து திருவண்ணாமலை வழியாக காட்பாடி. கடைசியாக ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம் வழியாக நம் ஊர்.

மொத்தம் ஏறத்தாழ 1,500 கிலோ மீட்டர். விதிப்படி பயணத்துக்கு 4 நாள், தங்குவதற்கு 8 நாள், ஆக 12 நாள். மதுரை, ராமேசுவரம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், திருவண்ணாமலை, காட்பாடி என்று எட்டு நிறுத்தங்களும் கச்சிதமாக அமைந்துவிடுகின்றன.

இப்போது ஒரு கணக்கு. படுக்கை வசதி உள்ள இரண்டாம் வகுப்பில் (நாம் சிலீப்பர் என்கிறோமே, அதில்) எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கிலோ மீட்டருக்கான கட்டணம் வாங்குவார்கள். தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் 40 கிலோ மீட்டர்தான். அதற்கும் 200 கிலோ மீட்டர் கட்டணம்! மேலே சொன்ன வட்டத்தை ஒன்பது தனிச் சீட்டுகளாக சிலீப்பரில் வாங்கினால், 1,500 கிலோ மீட்டர் போகிறவர் ஏறத்தாழ 2,150 கிலோ மீட்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதுவும் துண்டுக் கட்டணத்தில். சுற்றுச் சீட்டில் இரண்டு 750 கிலோ மீட்டருக்குக் கட்டினால் போதும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் பகலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறிப் போய்விடுகிறவர்களுக்கு லாபம் அவ்வளவு இராது. முன்பதிவுக் கட்டணம், அதிவேக வண்டிக்கான கூடுதல் கட்டணம் ஆகியவையும் தனி. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.

எங்கே கேட்பது?

இதை வீட்டில் இருந்தபடி செல்போனில் வாங்க முடியாது. முதலில் எந்த வழியாகப் போகிறோம், எங்கெங்கே இறங்குகிறோம் என்பதை வரிசையாக எழுத வேண்டும். பங்காருபேட்டை, தென்மேற்கு ரெயில்வேயின் பெங்களூர் கோட்டத்தில் இருக்கிறது. ஆகவே பெங்களூரில் உள்ள கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும். சில பெரிய நிலையங்களில் நிலைய மேலாளரிடமும் கொடுக்கலாம்.

அவர்கள் தூரத்தையும் கட்டணத்தையும் கணக்கிட்டு, உரிய படிவத்தில் நிலையத்துக்குத் தெரிவிப்பார்கள். அந்தப் படிவத்தைக் காட்டி, புறப்படும் நிலையத்தில் சீட்டு வாங்க வேண்டும். பிறகு முன்பதிவு கவுண்டருக்குப் போய், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும்.

"அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை" என்று ஏதாவது ஒரு ஜன்னலில் சொன்னால் சண்டை போட வேண்டாம். அந்த ஊழியர் இதை எழுதியே இருக்க மாட்டார். மேற்பார்வையாளர் யார் என்று கேட்டு அவரைப் பாருங்கள்.

1-11-2024 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. முன்பு இது 120 நாளாக இருந்தது. எனவே படிவ வேலைகளை அதற்கும் முன்பே முடித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூத்த குடிமக்களுக்குக் கிடைத்து வந்த கட்டணச் சலுகை 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்டது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் அந்தத் தள்ளுபடியை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம்.

திட்டம் போடும்போது

கூலி வேலை, ஒப்பந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆகவே ஒவ்வொரு நாளையும் எண்ணிச் செலவிட வேண்டும்.

நீண்ட தூரத்தை இரவில் வையுங்கள். பெங்களூரில் மாலையில் ஏறினால் மதுரையில் காலையில் இறங்கலாம். ஒரு நாள் அறை வாடகை மிச்சம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு இரவு ரெயிலில் படுத்தால் பெரியவர்கள் தாங்க மாட்டார்கள்.

ராமேசுவரத்துக்கு மட்டும் பகலில் போங்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக, 6-4-2025 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். சுரங்கத்தின் ஆழத்தைப் பார்த்த கண்கள் கடல் மேல் ரெயில் போவதையும் பார்க்கட்டும்!

திருவண்ணாமலைக்குப் பவுர்ணமியில் போய்ச் சேரும்படி திட்டம் போட்டால் கிரிவலக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, ரெயிலில் இடமும் கிடைக்காது. கிரிவலமே நோக்கம் என்றால் வேறு விஷயம். பெட்டிகளுக்குப் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டில்லாத பெட்டியை நிலையப் பொருள் காப்பறையில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். முன்பதிவு உறுதியானவர்களுக்கு நிலையங்களில் உள்ள ஓய்வு அறைகளும் உண்டு. தனியார் விடுதியை விடப் பெரும்பாலும் மலிவு.

ஐரோப்பா போகிறவர்களுக்கும் இதே கணக்கு

தங்கவயல் பிள்ளைகள் பலர் படித்துவிட்டு பெங்களூர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். சிலரைக் கம்பெனி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்புகிறது. அப்பா, அம்மாவையும் ஒரு தடவை அழைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அங்கேயும் ரெயில்தான் வசதி.

வெளியில் இருந்து போகிறவர்களுக்கு "யூரெயில் பாஸ்" 1959-ல் வந்தது. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு "இன்டர்ரெயில் பாஸ்" 1972-ல் வந்தது. அங்கே குடியிருக்கும் மகன் இன்டர்ரெயிலும், இங்கிருந்து போகும் பெற்றோர் யூரெயிலும் வாங்க வேண்டும். 60 வயது ஆனவர்களுக்கு இன்றும் தள்ளுபடி தருகிறார்கள்.

அங்கே தூரத்தைக் கணக்கிடுவதில்லை, ரெயில் ஏறும் நாட்களைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் 5 நாள் என்று பாஸ் வாங்கினால், அந்த 5 நாளில் எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறலாம். அதை வைத்து வட்டம் போட வேண்டும்.

உதாரணத்துக்கு பிராங்பர்ட்டில் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கொலோனுக்குப் போய், நிலையத்தின் பக்கத்திலேயே நிற்கும் பெரிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே பிரசல்ஸ் போய்விடலாம். ஒரே நாள்தான் கழியும். பிறகு பாரிஸ், சூரிச், மூனிக், மீண்டும் பிராங்பர்ட். மொத்தம் 5 பயண நாட்கள். எங்கும் போன வழியே திரும்பவில்லை!

பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக வண்டிகளில் இடத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் தேவையில்லை. ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குப் போகலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் மனுச் செய்ய வேண்டும். இங்கிலாந்துக்கு அந்த விசா செல்லாது, தனி விசா வேண்டும்.

ஐரோப்பா ஆனாலும் தமிழ்நாடு ஆனாலும் திட்டம் ஒன்றுதான். வட்டமாகப் போக வேண்டும். நீண்ட தூரத்தையும் தங்கும் நாளையும் முதலில் முடிவு செய்ய வேண்டும். எல்லா ஊரையும் பார்க்க ஆசைப்பட்டு எந்த ஊரையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

ஒரு நிறுத்தம் பூர்வீக ஊருக்கு

கடைசியாக ஒரு விஷயம். தங்கவயலுக்குப் பிழைக்க வந்த நம் முன்னோர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்தவர்கள். மூன்றாவது, நான்காவது தலைமுறைப் பிள்ளைகள் இப்போது பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பாட்டன் எந்த ஊர் என்று கேட்டால் பெயரைச் சொல்வார்கள். அந்த மண்ணை மிதித்திருக்க மாட்டார்கள்.

மேலே சொன்ன வட்டம் தர்மபுரி, சேலம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. கும்பகோணத்துக்குத் தஞ்சாவூரில் இருந்து பஸ்சிலேயே போய் வந்துவிடலாம். அந்த நிறுத்தத்தை மிச்சம் பிடித்து, குலதெய்வம் இருக்கிற ஊருக்குக் கொடுங்கள். பாட்டன் விட்டுவந்த வீடு இல்லாவிட்டாலும், பங்காளி ஒருவராவது இருப்பார். இல்லாவிட்டால் கோயில் ஆலமரமாவது இருக்கும்.

பெரியவர்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். "இந்த வழியாகத்தான் உன் பாட்டன் மூட்டை முடிச்சோடு வந்தார்" என்று ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேரனுக்குக் காட்ட அவர்களால்தான் முடியும். எனவே இந்த வாரமே ஒரு தாளை எடுத்து எட்டு ஊர்களை எழுதுங்கள். எழுதும்போது அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.