உங்க செவிஸ் ரசீதுக்குப் பின்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை

எம்.எஸ். பண்ண அமெரிக்கா போறீங்களா? நீங்க போகலைன்னாலும் உங்க ரூம்மேட் கண்டிப்பா போவான். அதனால இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கம்தான்: ராத்திரி 11 மணி, லேப்டாப்ல யுனிவர்சிட்டி அனுப்பின ஐ-20, பக்கத்துல அப்பாவோட கிரெடிட் கார்டு. விசா ஃபீஸ் தனியா கட்டியாச்சு. அதுக்கு மேல ‘செவிஸ்’னு இன்னொரு ஃபீஸ், 350 டாலர். நம்ம காசுல 30,000 ரூபாய்க்குப் பக்கம். “இது எதுக்குடா?”ன்னு என் ரூம்மேட் கேட்டான். எனக்கும் தெரியலை. தேட ஆரம்பிச்சேன், அது 2001 செப்டம்பர் 11, ஒரு செவ்வாய்க்கிழமையில போய் நின்னுச்சு. நாங்க ரெண்டு பேரும் அப்போ பிறக்கவே இல்லை.

அன்னைக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 19 பேர் நாலு விமானங்களைக் கடத்தினாங்க. ரெண்டு நியூயார்க் இரட்டைக் கோபுரத்துல, ஒண்ணு பென்டகன்ல மோதுச்சு, இன்னொண்ணு பென்சில்வேனியாவுல ஒரு வயல்ல விழுந்தது. கடத்தினவங்களைச் சேர்க்காம 2,977 பேர் செத்தாங்க. நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்த நாள்ல இருந்து அந்த நாடு எப்படி மாறுச்சுங்கிறதைப் பத்தி.

செவிஸ்ங்கிறது வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கிற ஒரு டேட்டாபேஸ். நீங்க எங்க தங்கியிருக்கீங்க, எத்தனை கோர்ஸ் எடுத்திருக்கீங்க, படிப்பைப் பாதியில விட்டுட்டீங்களா, எல்லாம் அதுல இருக்கும். வீடு மாறினா 10 நாளைக்குள்ள சொல்லணும். இதுல எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம் என்னன்னா, இந்த யோசனை 2001-ல பிறந்தது இல்லை. 1993-ல அதே வேர்ல்ட் டிரேட் சென்டர்ல ஒரு குண்டு வெடிச்சது. அதுக்கப்புறம் 1996-லயே மாணவர்களைப் பத்தின தகவலைச் சேகரிக்கணும்னு சட்டம் போட்டாங்க. ஆனா கல்வி வட்டாரத்துல எதிர்ப்பு இருந்தது, வேலை ஆமை வேகத்துல நகர்ந்துச்சு. செப்டம்பர் 11-க்கு அப்புறம் அந்த எதிர்ப்பு காணாமப் போச்சு. 2003-ல செவிஸ் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

இத்தனைக்கும் அந்த 19 பேர்ல மாணவர் விசாவுல உள்ள வந்தவன் ஒருத்தன் மட்டும்தான். மத்தவங்க டூரிஸ்ட், பிசினஸ் விசாவுல வந்தவங்க. ஆனா நடுவுல ஒரு கூத்து நடந்தது. ஃபுளோரிடாவுல வெனிஸ்னு ஒரு ஊர். கடத்தல்காரங்க ரெண்டு பேர் அங்க இருந்த ஒரு ஸ்கூல்லதான் விமானம் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. 2002 மார்ச் 11, அதாவது சரியா ஆறு மாசம் கழிச்சு, அந்த ஸ்கூலுக்குக் குடியேற்றத் துறையிலிருந்து கடிதம் வருது: அந்த ரெண்டு பேருக்கும் மாணவர் அந்தஸ்து கொடுத்தாச்சுன்னு! உலகத்துக்கே அவங்க முகம் தெரிஞ்சிருந்தது, பேப்பர் நகர்த்துறவங்களுக்கு மட்டும் தெரியலை. நம்ம ஊர் ஆபீஸை மட்டும் இனிமே குறை சொல்லாதீங்க. இந்தக் கதைக்கு அப்புறம் “மாணவர்களைக் கண்காணிக்க வேண்டாம்”னு யார் பேச முடியும்?

இதைப் படிச்சப்போதான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. பெரிய தாக்குதல் நடந்தா நாடு புதுசா யோசிக்குதுன்னு நாம நினைக்கிறோம். நிறைய நேரம் அப்படி இல்லை. ஏற்கனவே யாரோ எழுதி வச்சிருந்த திட்டம் டிராயர்ல தூங்கிட்டு இருக்கும், “வேண்டாம்”னு சொல்ற ஆளுங்களால. தாக்குதல் அந்த ஆளுங்களோட வாயை அடைச்சிடுது. பேட்ரியாட் சட்டத்தையே எடுத்துக்கோங்க. தாக்குதல் நடந்து 45-வது நாள் கையெழுத்தாச்சு. செனட்ல 98 பேர் ஆதரவு, எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒருத்தர், ரஸ் ஃபைன்கோல்ட். அந்தச் சட்டத்தோட 215-வது பிரிவை வச்சு, யார் யாருக்கு ஃபோன் பண்ணாங்க, எவ்வளவு நேரம் பேசினாங்கங்கிற பதிவை மொத்தமா அள்ளினாங்கன்னு 2013-ல ஸ்னோடன் வெளியே சொன்ன பிறகுதான் மக்களுக்கே தெரிஞ்சது. நிறுத்தச் சட்டம் வந்தது 2015-ல.

ஏர்போர்ட் மாற்றம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அதனால வேகமா போறேன். ‘ஹோம் அலோன் 2’ பார்த்திருப்பீங்க. 1992 படம். கூட்டத்துல அப்பான்னு நினைச்சு வேற யாரையோ துரத்திட்டுப் போற பையன் நியூயார்க் ஃபிளைட்ல ஏறிடுவான். இன்னைக்குப் பார்த்தா லாஜிக் ஓட்டைன்னு சிரிப்போம், அன்னைக்கு அது அவ்வளவு பெரிய ஓட்டை இல்லை. டிக்கெட் இல்லாதவங்களே விமான வாசல் வரைக்கும் போய் டாடா காட்டலாம். (அந்தப் பையன் ஊர் சுத்துறப்போ இரட்டைக் கோபுரத்து மொட்டை மாடியிலயும் நிப்பான். இப்போ அந்த ஷாட்டைப் பார்த்தா வேற மாதிரி இருக்கு.) சோதனையைத் தனியார் கம்பெனிகள்கிட்ட இருந்து வாங்கி டி.எஸ்.ஏ.ங்கிற அரசு அமைப்புகிட்ட கொடுத்தது 2001 நவம்பர்ல.

ஆனா வரிசையில நின்னு ஷூ கழட்டுறது எல்லாருக்கும் பொது. பொதுவா இல்லாத ஒரு விலை இருக்கு, அதைத்தான் நான் முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். தாக்குதல் நடந்து நாலாவது நாள், அரிசோனாவுல மேசாங்கிற ஊர்ல, பல்பீர் சிங் சோதிங்கிறவர் தன்னோட பெட்ரோல் பங்க் வாசல்ல செடி நட்டுக்கிட்டு இருந்தார். தலைப்பாகை, தாடி. ஒருத்தன் வண்டியில வந்து சுட்டுட்டுப் போயிட்டான். சோதி ஒரு சீக்கியர். “அவர் முஸ்லிமே இல்லையே, தப்பா சுட்டுட்டானே”ன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. என் ரூம்மேட் திரும்பிப் பார்த்துக் கேட்டான், “முஸ்லிமா இருந்திருந்தா கரெக்டா சுட்டதா ஆயிடுமாடா?” அவன் பேரைச் சொன்னாலே அவன் முஸ்லிம்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். எனக்குப் பதில் வரலை.

அதிபர் புஷ் ஆறாவது நாளே வாஷிங்டன்ல ஒரு மசூதிக்குப் போய் முஸ்லிம்களை எதிரியா பார்க்காதீங்கன்னு பேசினார். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் எஃப்.பி.ஐ. கணக்குல முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000-ல 28, 2001-ல 481. அதே புஷ் அரசு 2002-ல இன்னொரு பதிவுத் திட்டம் கொண்டு வந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயசுக்கு மேற்பட்ட ஆண்கள் ஆபீஸுக்கு வந்து கைரேகை கொடுத்துப் பதிவு செய்யணும். வட கொரியா தவிர மத்த 24-ம் முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்கிற நாடுகள். 80,000-க்கும் மேல ஆண்கள் தானாவே வந்து வரிசையில நின்னாங்க. அதுல 13,000-க்கும் அதிகமானவங்க மேல நாடு கடத்துற நடவடிக்கை ஆரம்பிச்சாங்க. பயங்கரவாதக் குற்றத்துல தண்டனை வாங்கினவங்க எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்லை. வரிசையில ஒழுங்கா வந்து நிக்கிறவன் குண்டு வைக்கிறவன் இல்லைன்னு புரிஞ்சுக்க டேட்டா சயின்ஸ் தேவையில்லை.

கலாச்சாரம்னு சொன்னா நான் டிவியைத்தான் சொல்லுவேன். ஸ்பைடர்மேனோட முதல் டீசர்ல இரட்டைக் கோபுரத்துக்கு நடுவுல வலை இருக்கும். அதைத் தூக்கிட்டாங்க. அது வெறும் துக்கம், புரிஞ்சுக்க முடியுது. ‘24’ சீரியல் வேற கதை. 2001 நவம்பர்ல ஆரம்பிச்சது. ஹீரோ ஜாக் பாவர் கைதியை அடிப்பார், உடைப்பார், உண்மை கொட்டும், குண்டு வெடிக்காம ஊர் தப்பிச்சிடும். ஒவ்வொரு வாரமும் இதைப் பார்த்துப் பார்த்து சித்திரவதை ‘வேலை செய்யுற ஒரு டூல்’ மாதிரி ஆயிடுச்சு. கடைசியில வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியோட டீன், ஒரு பிரிகேடியர் ஜெனரல், தயாரிப்பாளர்களை நேர்ல போய்ப் பார்த்து, இதைக் குறைங்கன்னு கேட்டார். தன்னோட மாணவர்கள் அதைப் பார்த்துத் தப்பாக் கத்துக்கிறாங்கன்னு அவருக்குக் கவலை. பாடம் எடுக்கிறவரைவிட சீரியல் நல்லா எடுத்திருக்கு!

இந்த மாற்றங்கள்ல திரும்பிப் போனது ரொம்பக் குறைவு. ஷூவுக்குள்ள குண்டு வச்சு ஒருத்தன் ஃபிளைட் ஏறினது 2001 டிசம்பர்ல. ஷூ கழட்டுற விதியை எடுத்தது 2025 ஜூலையில. அந்தப் பதிவுத் திட்டத்தை 2011-ல நிறுத்தினாலும், விதிப் புத்தகத்துல இருந்து முழுசா நீக்கினது 2016 டிசம்பர்ல. செவிஸ் அப்படியே இருக்கு.

என் ரூம்மேட் அன்னைக்கு ராத்திரியே ஃபீஸ் கட்டிட்டான். ரசீதை மூணு காப்பி பிரிண்ட் எடுத்தான். நான் ஒண்ணு போதுமேன்னு சொன்னேன். “உனக்கு ஒண்ணு போதும்டா”ன்னான்.