முந்நூறு வீடும் ஒரு முச்சந்தியும்

எங்கள் ஊர் தென்னந்தோப்பு ஒன்றில் 300 வீடுகள் வரப்போகுதாம். டீக்கடையில் இப்போது இதுதான் பேச்சு. "ஊரே ஸ்தம்பிச்சிடும்" என்கிறது ஒரு தரப்பு. "காலையில நூத்தம்பது, நூத்தறுபது வண்டி கூடும், அதுக்கா இவ்வளவு கூச்சல்?" என்கிறது இன்னொரு தரப்பு. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள், காலை எட்டரைக்கு அந்த முச்சந்தியைக் கடப்பவன் நான். அதனால் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில், வண்டிகளை எப்படி எண்ணுவது? பைக்கும் பஸ்ஸும் அடைக்கும் இடம் ஒன்றல்ல. அதற்காகவே பிசியு என்றொரு அளவு இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸின் 1990-ம் வருட வழிகாட்டியில், நகரச் சாலைகளில் கார் என்றால் 1. மொத்த வண்டிகளில் பைக்குகள் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு பைக் 0.75. பஸ், லாரி என்றால் குறைந்தது 2.2.

இனி ஒரு உதாரணக் கணக்கு. எளிமைக்காக பஸ், ஆட்டோவை விட்டுவிடுகிறேன். முச்சந்தி நிமிடத்துக்கு 15 பிசியு-வைத்தான் கடத்தும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 900. இப்போது காலை ஒரு மணி நேரத்தில் 600 பைக், 270 கார் வருகின்றன. 450 + 270 = 720. முச்சந்தி 80 சதவீதம் நிரம்பிவிட்டது.

புது வீடுகளிலிருந்து அதே நேரத்தில் 120 பைக், 45 கார் கிளம்பினால் கூடுவது 135 பிசியு. மொத்தம் 855, அதாவது 95 சதவீதம். கூடியது 19 சதவீதம்தான். அப்போ காத்திருப்பும் 19 சதவீதம்தானே கூடணும்?

அங்கேதான் தப்பு. சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். டென்மார்க்கின் எர்லாங் 1909-ல் டெலிபோன் அழைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இது. இதன் எளிய மாதிரியில், ஒருவர் கடந்துபோக ஆகும் சராசரி நேரம், மிச்சமிருக்கும் இடத்தைப் பொறுத்தது. முன்பு நிமிடத்துக்கு 15-ல் 12 வந்தது, மிச்சம் 3. நேரம் 1/3 நிமிடம், 20 நொடி. இப்போது 14.25 வருகிறது, மிச்சம் 0.75. நேரம் 80 நொடி. நாலு மடங்கு!

முச்சந்தி அப்படியே சர்வர் ஆகிவிடாது. பள்ளி நேரத்தில் வண்டிகள் கும்பலாக வரும், அப்போது இன்னும் மோசம். ஆனால் போக்கு இதுதான். இரண்டு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை. கூடும் வண்டி கொஞ்சம்தான், கூடும் தாமதம் கொஞ்சமல்ல.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தோப்பின் பின்பக்கம் இன்னொரு சாலையில் வாசல் வைத்து, புது வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டால் மொத்தம் 810. நிமிடத்துக்கு 13.5, மிச்சம் 1.5. நேரம் 40 நொடி. பாதியாகக் குறைந்துவிட்டது.

நானும் பதினைந்து வருடம் முன்பு லோன் போட்டு இந்த ஊருக்கு வந்தவன்தான். வீடே வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகள், மனையை ஒட்டிய சாலையின் அகலத்தைப் பார்க்கின்றன. நெரிசலோ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் முச்சந்தியில். எனவே உங்கள் ஊரிலும் இப்படி ஒரு திட்டம் வந்தால், "எத்தனை வண்டி கூடும்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "முச்சந்தியில் இப்போ எவ்வளவு மிச்சம் இருக்கு? இரண்டாவது வாசல் எங்கே?" என்றும் கேளுங்கள். ஒரு சாதாரண வேலைநாளில் எட்டிலிருந்து ஒன்பது வரை, கால் மணிக்கு ஒரு பக்கமாக எண்ணி எழுத, ஒரு நோட்டும் ஒரு டீயும் போதும்.