கசகசா அளவு உண்ணி

1981-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநில ஆய்வுக்கூடம் ஒன்றில், நியூயார்க்கின் ஷெல்டர் தீவில் பிடித்த மான் உண்ணிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் வில்லி பர்க்டார்ஃபர். அவர் தேடியது வேறொரு காய்ச்சலின் கிருமியை. உண்ணியின் குடலில் கண்ணில் பட்டதோ, நீண்டு சுருண்ட பாக்டீரியா. 126 உண்ணிகளில் 77-ல் அது இருந்தது. கனெக்டிகட் மாநிலத்து லைம் ஊரில் 1970-களில் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கிய லைம் நோயின் காரணம் அப்படித்தான் பிடிபட்டது. கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பத்துக்கு ஆறு என்ற அந்தக் கணக்கை எல்லா உண்ணிக்கும் பொருத்தக் கூடாது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், முழுதாக வளர்ந்த உண்ணிகளில் ஏறக்குறைய பாதியில் கிருமி இருக்கிறது. அதற்கு முந்தைய இளம்பருவத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று. முட்டையிலிருந்து வந்த குஞ்சிடம் அநேகமாகக் கிடையாது. தாய் உண்ணி அதை முட்டைக்குக் கடத்துவதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறைதான் உண்ணி இரத்தம் குடிக்கும். குஞ்சு முதலில் குடிப்பது பெரும்பாலும் வெண்கால் சுண்டெலியிடம். கிருமி அங்கிருந்துதான் தொற்றுகிறது. பழியெல்லாம் மான்மேல் விழுகிறது. மான் உண்ணியை வளர்க்கிறது, உண்மை. ஆனால் கிருமியைத் தருவதில்லை.

கலிஃபோர்னியாவில் கதையே வேறு. அங்கே இளம் உண்ணிகள் ஒருவகை ஓணானை அதிகம் கடிக்கின்றன. அந்த ஓணானின் இரத்தத்திலுள்ள புரதம், உண்ணிக்குள் இருக்கும் கிருமியையும் கொன்றுவிடுகிறது! அதனால் அங்கு வளர்ந்த உண்ணிகளில் நூற்றுக்கு ஓரிரண்டில்தான் கிருமி இருக்கும். ஐரோப்பாவில் சராசரியாக எட்டில் ஒன்று.

விகிதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. பாதிக்குப் பாதி கிருமி சுமக்கும் பெரிய உண்ணியைவிட, குறைவாகச் சுமக்கும் இளம் உண்ணிதான் அதிகம் பேருக்கு நோயைத் தருகிறது. கசகசா அளவே இருப்பதால் கடித்துத் தொங்குவது தெரிவதில்லை. பொதுவாக, ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் இறங்கும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

இளம் உண்ணிகள் பெருகும் மே முதல் ஜூலை வரையில்தான் இங்கிருந்து பல பெற்றோர் நியூஜெர்சிக்கும் கனெக்டிகட்டுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். புல்வெளியில் நடந்து திரும்பினால் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதோரம் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், சூடு வைக்காதீர்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். பிறகு சில வாரங்களுக்குள் சிவந்த தடிப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே ஆன்டிபயாட்டிக் எடுத்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள்.